உல்லாசப் படகுக்குக் காப்பீடு: சட்டம் கேட்பது ஒன்று, விபத்து கேட்பது வேறு

புது தில்லி: குஜராத் மாநிலம் வடோதராவில் உள்ள ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18-ஆம் தேதி பள்ளிச் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்ததில் 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பு, 2023 மே 7-ஆம் தேதி கேரள மாநிலம் தானூரில் சுற்றுலாப் படகு மூழ்கி 22 பேர் மாண்டனர். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி நிகழ்ந்த படகு விபத்து 45 உயிர்களைப் பறித்தது; அவர்களில் தமிழகத்திலிருந்து சென்ற சுற்றுலாப் பயணிகளும் இருந்தனர்.

இந்த விபத்துகளின்போது முதலில் வெளிவந்தது அரசின் நிவாரண அறிவிப்புதான். தானூரில் உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு தலா ரூ.10 லட்சமும், பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து தலா ரூ.2 லட்சமும் அறிவிக்கப்பட்டன. ஹர்ணி விபத்தில் மாநில அரசு தலா ரூ.4 லட்சமும், பிரதமர் நிதியிலிருந்து தலா ரூ.2 லட்சமும் அறிவிக்கப்பட்டன. இவை கருணை அடிப்படையில் தரப்படும் தொகைகள். சட்டப்படியான இழப்பீடு அல்ல. பயணச்சீட்டு விற்று வருமானம் ஈட்டியவர் ஒருவர். விபத்து நேர்ந்ததும் முதலில் பணம் எடுத்து வைப்பது பொதுமக்களின் வரிப்பணம். இந்த முரண்பாட்டைத் தீர்க்க வேண்டிய கருவிதான் படகுக் காப்பீடு.

நாடாளுமன்றம் இதற்குச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆயினும், சிறிய உல்லாசப் படகு ஒன்றை வாங்குபவர் எந்த பாலிசியைத் தேர்ந்தெடுக்கிறார், அதில் எதைப் படிக்காமல் கையெழுத்திடுகிறார் என்பதைப் பொறுத்தே அந்தச் சட்டத்தின் பலன் அமைகிறது.

அமளியில் நிறைவேறிய சட்டம்

ஆங்கிலேயர் காலத்து உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 1917-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் 1977-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் இயந்திரப் படகுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு தொடர்பான அத்தியாயம் சேர்க்கப்பட்டது. சாலையில் ஓடும் வாகனத்துக்கு உரிய கொள்கையையே நீரில் ஓடும் வாகனத்துக்கும் பொருத்துவது அதன் நோக்கம். ஆனால், ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதிகளை வைத்திருந்ததால் பதிவும் ஆய்வும் காப்பீடும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன.

அதற்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட உள்நாட்டுக் கப்பல்கள் மசோதா, 2021 ஜூலை 29-ஆம் தேதி மக்களவையிலும் ஆகஸ்ட் 2-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பெகாஸஸ் உளவு விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் அவைகளை முடக்கியிருந்த நாள்கள் அவை. கப்பல் துறை அமைச்சர் சர்வானந்த சோனோவால் கொண்டுவந்த அந்த மசோதா மீது விரிவான விவாதம் நடைபெறவில்லை. அதே ஆகஸ்ட் 2-ஆம் தேதி, அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் மத்திய அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழ் செல்ல வழிவகுக்கும் மசோதாவும் அமளிக்கிடையே மக்களவையில் நிறைவேறியது. படகுகளுக்குக் காப்பீடு வேண்டும் என்று ஓர் அவையும், காப்பீடு வழங்கும் அரசு நிறுவனங்களின் உரிமை மாறலாம் என்று மற்றோர் அவையும் ஒரே நாளில் முடிவெடுத்தன. இரண்டிலும் விரிவான விவாதம் நடைபெறவில்லை.

புதிய சட்டத்தின்படி, ஆறு, ஏரி, கால்வாய், உப்பங்கழி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் இயந்திரப் படகுகளுக்குப் பதிவுச் சான்றும் ஆய்வுச் சான்றும் தேவை. ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு நாடு முழுவதும் செல்லும். உயிரிழப்பு, காயம், பிறர் சொத்துக்குச் சேதம், நீர் மாசு ஆகியவற்றால் எழும் பொறுப்புக்குக் காப்பீடு செய்வதும் உரிமையாளரின் கடமை. விதிகளை வகுப்பது மத்திய அரசு. அதிகாரிகளை நியமித்து அமலாக்குவது மாநில அரசு.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்துவது பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டை மட்டுமே. படகு மூழ்கினாலோ, திருடு போனாலோ, இயந்திரம் பழுதானாலோ உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை. அதற்கான 'ஹல்' பாலிசி, அதாவது படகின் உடற்பகுதிக்கும் இயந்திரத்துக்குமான காப்பீடு, உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். வங்கிக் கடன் கொடுத்தவர் கேட்பதால் படகுக்குக் காப்பீடு எடுக்கின்றனர். பயணிகளுக்கான பொறுப்பை மறந்துவிடுகின்றனர்.

சொந்த உபயோகமா, வாடகைக்கா?

சிறு படகுக் காப்பீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி, படகு எதற்காகப் பயன்படுத்தப்படுகிறது என்பதே. உல்லாசப் படகுகளுக்கு உலகெங்கும் காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் 'இன்ஸ்டிடியூட் யாட் கிளாஸஸ்' என்ற நிபந்தனைத் தொகுப்பு 1985-இல் லண்டனில் வகுக்கப்பட்டது. படகு தனிப்பட்ட உல்லாசத்துக்கு மட்டுமே பயன்படுத்தப்படும், வாடகைக்கு விடப்படாது என்பது அதன் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று.

வார நாள்களில் குடும்பத்தினருக்கும் விடுமுறை நாள்களில் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஒரே படகைப் பயன்படுத்துவோர் கோவாவிலும் கேரளத்திலும் குறைவல்லர். தனிப்பட்ட உபயோகத்துக்கான பாலிசியின் பிரீமியம் குறைவு என்பதால் அதையே எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றினாலும், காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதுமான காரணமாகிவிடும். வாடகைக்கு விடும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் முன்மொழிவுப் படிவத்திலேயே அதைக் குறிப்பிட்டு, பயணிகள் பொறுப்பையும் சேர்த்து பாலிசி பெறுவதே பாதுகாப்பானது.

தானூர் விபத்தில் சிக்கிய படகு, மீன்பிடிப் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது என்பது தெரியவந்தது. இவ்வாறு படகின் அமைப்பையோ பயன்பாட்டையோ மாற்றும்போது பழைய ஆய்வுச் சான்றும் பழைய பாலிசியும் அந்தப் படகைக் காப்பதில்லை. காகிதத்தில் இருக்கும் படகு வேறு, நீரில் இருக்கும் படகு வேறு என்றாகிவிடுகிறது.

நான்கு பகுதிகள்

முழுமையான படகுக் காப்பீட்டில் நான்கு பகுதிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, படகும் இயந்திரமும். இதில் காப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்கும் முறை முக்கியமானது. படகின் மதிப்பை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பாலிசியில் எழுதுவது ஒரு முறை. முற்றிலும் அழிந்தால் அந்தத் தொகை குறித்து பின்னர் தகராறு எழாது. மதிப்பை எழுதாமல், விபத்துக்குப் பிறகு கணக்கிடுவது மற்றொரு முறை. இரண்டாவது முறையில், பிரீமியத்தைக் குறைப்பதற்காகத் தொகையைக் குறைத்துக் காட்டுவது ஆபத்து. ரூ.20 லட்சம் மதிப்புள்ள படகை ரூ.10 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு ரூ.4 லட்சம் சேதம் ஏற்பட்டால், கிடைக்கக்கூடியது ரூ.2 லட்சம் மட்டுமே. காப்பீடு செய்யாத பாதிப் பங்குக்கு அவரே காப்பீட்டாளர் என்று கருதுகிறது 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம். பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் பொருத்தும்போது தேய்மானம் கழிக்கப்படுமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, மூன்றாம் நபர் பொறுப்பு. நீந்திக் கொண்டிருப்பவர், மற்றொரு படகு, படகுத்துறை ஆகியவற்றுக்கு நேரும் சேதம் இதில் அடங்கும். மும்பையில் 2024 டிசம்பர் 18-ஆம் தேதி, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டா தீவுக்குச் சென்ற பயணிகள் படகு மீது, இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு மோதியதில் 15 பேர் உயிரிழந்தனர். ஒரு சிறிய படகு எவ்வளவு பெரிய பொறுப்பை உருவாக்கும் என்பதற்கு அது சான்று. படகின் விலையை அளவுகோலாகக் கொண்டு பொறுப்புத் தொகையைத் தீர்மானிப்பது தவறு. எத்தனை பேரின் உயிர் பணயத்தில் உள்ளது என்பதே அளவுகோல்.

மூன்றாவது, பயணிகளும் பணியாளர்களும். 'மூன்றாம் நபர்' என்ற சொல்லில் படகில் ஏறிய பயணி அடங்குவாரா, படகை ஓட்டும் ஊழியர் அடங்குவாரா என்பது பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. ஊழியருக்குத் தனிக் காப்பீடு தேவைப்படும். பயணிகளுக்கு ஒவ்வோர் இருக்கைக்கும் இவ்வளவு என்று தனிநபர் விபத்துக் காப்பீட்டைச் சேர்க்க முடியும். வங்கிக் கணக்கு மூலம் ஆண்டுக்கு ரூ.20 பிரீமியத்தில் ரூ.2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அத்திட்டம் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கே உரியது. ஹர்ணியில் உயிரிழந்த மாணவர்களில் எவரும் அந்த வயதை எட்டியிருக்கவில்லை.

நான்காவது, மூழ்கிய படகை அகற்றும் செலவு. ஆந்திரத்தில் பாபிகொண்டலு மலைப்பகுதிக்கு 77 பேருடன் சென்ற படகு 2019 செப்டம்பர் 15-ஆம் தேதி கச்சுலூரு அருகே கோதாவரியில் மூழ்கியது. 26 பேரே உயிர் தப்பினர். ஒரு மாதத்துக்கும் மேலாகிய பின்னர், அக்டோபரில்தான் அந்தப் படகை ஆற்றிலிருந்து வெளியே இழுக்க முடிந்தது. நீர்வழியை அடைத்துக் கிடக்கும் படகை அகற்றுமாறு அதிகாரிகள் உத்தரவிட்டால் செலவு உரிமையாளரின் தலையில் விழும். சிறிய படகுகளுக்கான பல பாலிசிகளில் இதைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

சிறிய எழுத்தில் உள்ளவை

விலக்குகளின் பட்டியலைப் படிக்காமல் பாலிசி வாங்குவோர் பிறகு ஏமாற்றமடைகின்றனர். மேற்சொன்ன யாட் நிபந்தனைகளின்படி, படகின் பின்புறத்தில் பொருத்தப்படும் அவுட்போர்டு மோட்டார் கழன்று நீரில் விழுந்துவிட்டால் இழப்பீடு இல்லை. சிறிய படகில் விலை மிகுந்த பாகம் பெரும்பாலும் அந்த மோட்டார்தான். காற்றில் கிழிந்த பாய், படகில் இருந்த சொந்தப் பொருள்கள், தேய்மானம் ஆகியவற்றுக்கும் இழப்பீடு கிடையாது. வடிவமைப்புப்படி 17 நாட், அதாவது மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர், அல்லது அதற்கு மேல் விரையக்கூடிய படகுகளுக்குத் தனி நிபந்தனை உண்டு. அத்தகைய படகைத் திறந்த கடற்கரையோரம் ஆளில்லாமல் நங்கூரமிட்டு விட்டுச் சென்றபோது மூழ்கினாலோ கரைதட்டினாலோ இழப்பீடு கோர முடியாது.

படகு செல்லும் எல்லையும் பாலிசியில் குறிக்கப்படும். உப்பங்கழிக்குள் ஓட்டுவதற்காகப் பெற்ற பாலிசியுடன் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் சென்றால் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடும். கடலுக்குரிய சட்டமும் வேறு. வணிகக் கப்பல் போக்குவரத்துக்கான புதிய மசோதாவை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி வைப்பதாக உறுதியளித்துப் பிரீமியத்தில் சலுகை பெற்றவர், அந்த மாதங்களில் ஒரு நாள் படகை நீரில் இறக்கினாலும் நிபந்தனை மீறலாகும்.

இத்தகைய உறுதிமொழிகளைச் சாதாரணமாக எண்ணுவதற்கில்லை. கடல்சார் காப்பீட்டில் 'வாரண்டி' எனப்படும் உறுதிமொழி எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கப்பட வேண்டும். விபத்துக்கும் அதற்கும் தொடர்பு உள்ளதா என்பது கேள்வியே அல்ல. மீறப்பட்ட நாளிலிருந்து காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு முடிவடைகிறது. கப்பல் ஒன்றின் வகைப்பாட்டுச் சான்றைத் தொடர்ந்து பேணுவதாக அளிக்கப்பட்ட உறுதிமொழி மீறப்பட்டதை ஏற்று, இழப்பீடு மறுக்கப்பட்டது சரியே என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய கப்பலுக்குப் பொருந்தும் இந்தக் கொள்கை ஏரியில் ஓடும் சிறு படகுக்கும் பாலிசியின் வாசகம் வழியே வந்து சேரும்.

கடலோடும் தகுதியற்ற நிலையில் படகு உள்ளது என்று தெரிந்தே உரிமையாளர் அதை அனுப்பினால், அந்தத் தகுதிக் குறைவால் நேரும் இழப்புக்கு இழப்பீடு இல்லை என்கிறது 1963-ஆம் ஆண்டுச் சட்டம். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள்களை ஏற்றுவது, தகுதிச் சான்று இல்லாதவரிடம் சுக்கானை ஒப்படைப்பது, உயிர்காக்கும் கவசம் இல்லாமல் புறப்படுவது ஆகியவை இழப்பீட்டு மனுவைப் பலவீனப்படுத்தும் செயல்கள். தானூரிலும் ஹர்ணியிலும் அளவுக்கு மீறி ஆள்களை ஏற்றியதே முதல் குற்றச்சாட்டாக எழுந்தது. விபத்தை வரவழைக்கும் அதே தவறு, விபத்துக்குப் பின் இழப்பீடு வருவதையும் தடுக்கிறது.

பாதிக்கப்பட்டவருக்கு எந்தக் கதவு?

சாலை விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அது நாடு முழுவதும் பழக்கப்பட்ட பாதை. வழக்கறிஞர்களுக்கும் காவல் துறைக்கும் தெரிந்த நடைமுறை. படகு விபத்தில் குடும்பத்தை இழந்தவர் எங்கே செல்வது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டியுள்ளது. உயர் நீதிமன்றங்கள் தாமாக முன்வந்து வழக்குப் பதிவு செய்வதால்தான் தானூரும் ஹர்ணியும் கவனம் பெற்றன. மூன்று பேர் மட்டும் மூழ்கும் விபத்துக்கு அந்த வாய்ப்பு அரிது.

மேலும், படகு உரிமையாளர் தமது பொறுப்பை ஒரு வரம்புக்குள் நிறுத்திக்கொள்ளும் உரிமையைக் கப்பல் சட்டங்கள் மரபாகவே அளித்து வருகின்றன. 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த மரபை ஏற்கிறது. பல நூறு கோடி மதிப்புள்ள சரக்குக் கப்பல்களைக் காப்பாற்ற உருவான ஒரு கொள்கை, ஏரியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் படகுக்கும் பொருந்துவது நியாயமா என்ற கேள்வி அவையில் எழுப்பப்பட்டிருக்க வேண்டியது.

கட்டணம் செலுத்திப் பயணம் செய்தவர் நுகர்வோர் என்ற முறையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் பாலிசிதாரர் முதலில் அந்நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியளிக்காவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனு அளிக்கலாம், ரூ.50 லட்சம் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் உத்தரவிட முடியும். விபத்து நடந்தவுடன் நிறுவனத்துக்கும் காவல் துறைக்கும் தகவல் தருவது, சேதம் பெருகாமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது, நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்வையிடும் வரை பழுதுபார்க்காமல் இருப்பது ஆகிய மூன்றும் மனுவுக்கு வலுச் சேர்க்கும்.

துடுப்புப் படகுகள்

சட்டத்தின் பெரும் பகுதி இயந்திரப் படகுகளைப் பற்றியது. காஷ்மீரின் தால் ஏரியில் மிதக்கும் ஷிகாராக்கள், காசியின் படித்துறைகளில் துடுப்பால் ஓடும் படகுகள் ஆகியவற்றின் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் மாநிலங்கள் ஒப்படைக்கலாம் என்ற அளவில் சட்டம் நின்றுவிடுகிறது. அவற்றை ஓட்டுவோர் அன்றாடக் கூலியில் வாழ்பவர்கள். தனித்தனியே பிரீமியம் செலுத்துமாறு அவர்களிடம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. சங்கத்தின் பெயரிலோ உள்ளாட்சியின் பெயரிலோ கூட்டுப் பாலிசி எடுத்து, பயணக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை அதற்கு ஒதுக்குவதே சாத்தியமான வழி.

வரி விதிப்பில் மட்டும் அரசுக்குத் தயக்கம் இல்லை. ஜிஎஸ்டி கவுன்சில் 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி எடுத்த முடிவின்படி, உல்லாசப் படகுகளின் மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்தது. ஆடம்பரப் பொருள் என்று வரிப் பட்டியலில் இடம்பெறும் படகு, பயணிகளின் பாதுகாப்புக் கணக்கில் எங்கே இருக்கிறது என்பது தெளிவாக இல்லை.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் படகுப் பாதுகாப்பு குறித்து 2017-ஆம் ஆண்டிலேயே விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தானூரும் ஹர்ணியும் அதற்குப் பிறகு நிகழ்ந்தவை. சட்டம் இருக்கிறது, நெறிகள் இருக்கின்றன, பாலிசி விற்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. படகுத்துறையில் டிக்கெட் விலை எழுதிய பலகைக்குப் பக்கத்தில், ஏற்றக்கூடிய ஆள்களின் எண்ணிக்கையும் காப்பீட்டு பாலிசியின் எண்ணும் அது காலாவதியாகும் தேதியும் எழுதப்பட வேண்டும் என்று ஒரு மாநில அரசு உத்தரவிட, புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அந்தப் பலகையைப் படித்துவிட்டு ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையாவது பயணிக்குக் கிடைக்கும்.